எடிஷன் மாறினால் உலகமும் மாறணுமா? ஆர்பிஜி செட்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் விடுமுறை நாட்களில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ரோல்பிளேயிங் கேம் (ஆர்பிஜி) ஆடுகிற செட்டுகள் சில உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாட்டின் திருத்திய விதிநூல் 2024-ல் வந்ததிலிருந்து அந்த மேசைகளில் ஒரு விவாதம் ஓயவே இல்லை. எடிஷன், அதாவது விதிநூலின் பதிப்பு, மாறும்போது கதை நடக்கும் உலகத்தையும் மாற்றலாமா, பழைய கதை இனி செல்லுமா என்பதுதான் அது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதிகளை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றட்டும், உலகத்தில் புதிது சேர்க்கட்டும், தவறாக எழுதியதைத் திருத்தட்டும். ஆட்கள் ஆடிக் கடந்த காலத்தை அழிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

ரோல்பிளேயிங் கேம் என்றால் என்ன? செட்டிங், லோர் என்பதெல்லாம் என்ன?

நாலைந்து பேர் கூடிப் பேசியே ஆடும் கதை விளையாட்டு. ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதில் எதிர்ப்படும் ஆட்களையும் அவர் நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். நினைத்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து இந்த வகை தொடங்குகிறது.

எப்படி ஆடுவது என்று சொல்வது விதி. எங்கே ஆடுகிறோம் என்று சொல்வது செட்டிங். அந்த உலகத்தின் ஊர்கள், அரசர்கள், தெய்வங்கள், போர்கள், ஆண்டுக்கணக்கு இவற்றின் மொத்தத் திரட்டுதான் லோர்.

விதி மாறுவது புரிகிறது. உலகம் ஏன் மாற வேண்டும்?

கட்டாயம் எதுவும் கிடையாது. ஆனாலும் மாற்றுகிறார்கள், பல காரணங்களுக்காக.

புத்தகங்கள் மலையாகக் குவிந்துவிட்டால் புதிதாக வருகிறவர் மிரண்டு போவார், ஆகவே முதலிலிருந்து தொடங்குவோம் என்பது ஒன்று. அதே உலகத்தில் வெளிவந்த நாவல்கள் கதையை எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட, விளையாட்டும் பின்னால் ஓட வேண்டியதாகிறது என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் விசித்திரமானது: விதியில் வந்த மாற்றத்துக்கு உலகத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை. 1989-ல் டி அண்ட் டி இரண்டாம் பதிப்பு வந்தபோது அசாசின் (கூலிக்கொலையாளி) என்ற கேரக்டர் வகையை விதிநூலிலிருந்து எடுத்தார்கள். உடனே டி அண்ட் டியின் செட்டிங்குகளில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் தெய்வங்கள் மண்ணில் இறங்கி நடமாடும் ஒரு பேரிடரைக் கதையாக்கி, அதில் அசாசின்களைச் சாகடித்தார்கள்.

மூன்று காரணங்களில் இதுதான் மிகப் பலவீனமானது என்பேன். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதியில் ஒரு பூசாரி கேரக்டர் முதல் லெவலிலேயே தன் தெய்வத்தின் துறையைத் தேர்ந்தெடுப்பார். 2024 விதியில் மூன்றாம் லெவலில். இந்த மாற்றத்துக்காக எந்தத் தெய்வமும் சாகவில்லை. மேசையில் யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. ஆட்டத்தின் கணக்கு வேறு, கதையின் உயிர் வேறு என்பது ஆடுகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்படி மாற்றியதில் மிக மோசமானது எது?

என்னைக் கேட்டால், ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் 2008-ல் நடந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எட் கிரீன்வுட் சிறுவயதில் எழுதிய கதைகளிலிருந்து முளைத்த உலகம் அது. 1987-ல் பெட்டித் தொகுப்பாக வெளிவந்தது. அதன் அழகு பெரிய போர்களில் இல்லை. இந்த ஊரில் இந்தச் சத்திரம், அதை நடத்துகிறவர் இன்னார், அவருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் தீராத வழக்கு என்று தெருத்தெருவாக எழுதப்பட்ட உலகம் அது. உலகின் பல மூலைகளில் இருந்த செட்டுகள் அந்தத் தெருக்களில் இருபது ஆண்டுகள் ஆடின. சத்திரக்காரரோடு நட்பானார்கள், கடனும் வைத்தார்கள்.

நான்காம் பதிப்பில் மந்திரம் வேலை செய்யும் முறையே மாறியது. அதற்குக் கதைக் காரணமாக ஸ்பெல்பிளேக் வந்தது. அவ்வுலகக் கணக்கில் 1385-ஆம் ஆண்டு, மந்திரத்தின் தெய்வமான மிஸ்ட்ராவை சிரிக் என்ற தெய்வம் கொல்கிறது. கட்டறுந்த மந்திரம் நிலத்தைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது. மந்திரவாதிகளின் நாடான ஹால்ருவா நாசமாகிறது. அபையர் என்ற வேறோர் உலகத்தின் நிலப்பகுதிகள் இங்கே வந்து விழுகின்றன. இங்கிருந்த மஸ்டிகா என்ற நிலப்பரப்பு காணாமல் போகிறது. இதெல்லாம் போதாதென்று ஆண்டுக்கணக்கை 1479-க்குத் தள்ளினார்கள்.

ஏறத்தாழ நூறாண்டு தாவிய அதுதான் பெரிய அடி. பேரிடரை ஒரு செட் ஆடிக் கடக்க முடியும். அது நல்ல கதையாகக்கூட ஆகும். ஆனால் நூறாண்டு தாவினால் மனிதர்களாகப் பிறந்த அத்தனை பேரும் செத்திருப்பார்கள். அந்தச் சத்திரக்காரர் இல்லை. கேரக்டரின் சீடப்பிள்ளை இல்லை. பத்து ஆண்டுகளாகத் துரத்திய எதிரியும் இல்லை. எல்லாரும் புத்தகத்துக்கு வெளியே, யாரும் ஆடாத காலத்தில், சத்தமில்லாமல் போய்விட்டார்கள்.

இதன்மேல் இன்னொன்றும் நடந்தது. 2009 ஏப்ரலில் டி அண்ட் டியை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், திருட்டுப் பிரதிகளைக் காரணம் காட்டி, பழைய பதிப்புகளின் பிடிஎஃப் விற்பனையையே நிறுத்திவிட்டது. 2013-ல்தான் மீண்டும் விற்பனைக்கு வந்தன. புதிய உலகம் பிடிக்காதவர்கள் பழைய புத்தகத்தைத் தேடிய காலத்தில் அதை முறைப்படி வாங்க வழி இல்லாமல் போனது. கப்பலில் வரும் அச்சுப் புத்தகத்துக்குப் பாதிச் சம்பளத்தைக் கொடுக்க முடியாத நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஐந்தாம் பதிப்பை ஒட்டி, தி சன்டரிங் என்ற இன்னொரு பெரு நிகழ்வைக் கொண்டுவந்து இதையெல்லாம் திரும்ப எடுத்தார்கள். ஆறு நாவல்கள் அதற்காகவே எழுதப்பட்டன. வந்து விழுந்த நிலங்கள் திரும்பிப் போயின, மிஸ்ட்ரா திரும்பி வந்தாள். நூறாண்டு மட்டும் திரும்பவில்லை.

உலகத்தைத் தொடாமலே எடிஷன் மாற்றியவர்கள் உண்டா?

உண்டு. எபெரான். விசார்ட்ஸ் நடத்திய செட்டிங் தேடலில் தேர்வான கீத் பேக்கரின் உலகம், 2004-ல் மூன்றரைப் பதிப்பின் காலத்தில் வெளிவந்தது. அதன் காலம் 998-ஆம் ஆண்டில் நிற்கிறது. நான்காம் பதிப்புக்காக 2009-ல் வந்த நூலிலும் 998. ஐந்தாம் பதிப்புக்காக 2019-ல் வந்த நூலிலும் 998. பெரும்போர் முடிந்து இரண்டே ஆண்டு ஆகியிருக்கிறது; ஒரு நாடே புகைமூட்டமாகிக் கிடக்கிறது; அது ஏன் அழிந்தது என்று புத்தகம் எங்கும் சொல்லாது. அந்த விடையை ஒவ்வொரு மேசையும் தானே கண்டுபிடிக்க விட்டுவிட்டார்கள். அங்கே வெளிவந்த நாவல்களில் நடப்பது மேசையைக் கட்டுப்படுத்தாது என்றும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டார்கள்.

மூன்று பதிப்புகளின் விதி ஒரே உலகத்தில் பொருந்தியிருக்கிறது. பேரிடர் தேவைப்படவில்லை. விதி மாறினால் உலகம் மாறியே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

டிராவலரில் பேரரசர் செத்தாரா, சாகவில்லையா?

இரண்டும் உண்டு, அதுதான் அந்த விளையாட்டின் சிறப்பு. 1977-ல் வந்த விண்வெளி ஆர்பிஜி டிராவலர். மார்க் மில்லர் உருவாக்கியது. ஆயிரக்கணக்கான கிரகங்களை ஆளும் ஒரு பேரரசுதான் அதன் களம். 1987-ல் மெகாடிராவலர் பதிப்பில் பேரரசர் ஸ்ட்ரெஃபான் கொல்லப்பட, பேரரசு பல துண்டாகி உள்நாட்டுப் போரில் இறங்கியது. 1993-ல் வந்த அடுத்த பதிப்பில், வைரஸ் என்ற கணினி ஆயுதம் கட்டுமீறிப் பரவி நாகரிகத்தையே சாய்த்துவிட்டது. சரக்குக் கப்பலை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வியாபாரம் செய்து ஆடியவர்களுக்குப் போய்ச்சேரத் துறைமுகமே மிஞ்சவில்லை.

1998-ல் கர்ப்ஸ் டிராவலர் என்ற வடிவம் வந்தது. அது எடுத்த முடிவு எளிமையானது: அந்தக் கொலை நடக்கவேயில்லை. பேரரசர் உயிரோடு இருக்கும் வேறொரு கிளைக்காலம் இது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். போரில் ஆட விரும்பியவர்களிடமிருந்து அவர்கள் எதையும் பறிக்கவில்லை. பிடிக்காதவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான். 2008-ல் மங்கூஸ் நிறுவனம் வெளியிட்ட பதிப்பும் போருக்கு முந்தைய 1105-ஆம் ஆண்டுக்கே போய்விட்டது. எதிர்காலத்தில் ஒருநாள் அந்தக் கொலை வரலாம், வராமலும் போகலாம்; அது கேம் மாஸ்டரின் கையில்.

அப்படியானால் எந்த லோர் மாற்றமும் கூடாது என்கிறீர்களா?

இல்லை. டார்க் சன்னைப் பாருங்கள். 1991-ல் வந்த பாலைவன உலகம். மந்திரத்தால் உறிஞ்சப்பட்டுக் காய்ந்துபோன நிலம், நகரங்களைப் பிடித்து ஆளும் மந்திர அரசர்கள், தண்ணீருக்காக நடக்கும் சண்டைகள். விளையாட்டு வந்த வேகத்திலேயே ஐந்து நாவல்களும் வந்தன. அந்த நாவல்களின் நாயகர்களே பெரிய எதிரிகள் பலரைக் கொன்று முடித்துவிட்டார்கள். 1995-ல் திருத்திய பெட்டித் தொகுப்பு அதையெல்லாம் லோர் ஆக்கிவிட்டது. மேசையில் உட்கார்ந்தவர்கள் சாதிக்க வேண்டியதை வேறு யாரோ சாதித்துவிட்ட உலகம் அது.

2010-ல் நான்காம் பதிப்பு அந்த உலகத்தைத் திரும்ப எடுத்தபோது, டைர் நகரத்தின் அரசன் கலாக் செத்த கையோடு கடிகாரத்தை நிறுத்தியது. மற்ற அரசர்கள் அப்படியே இருக்கிறார்கள். பிற்கால நாவல் நிகழ்வுகள் இன்னும் நடக்கவில்லை. நிறுவப்பட்ட லோரை அழித்த மாற்றம்தான் இதுவும். ஆனாலும் நான் இதை வரவேற்கிறேன். ஆடுகிறவர்கள் செய்ய வேண்டிய வேலையை இது அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது. ரெல்ம்ஸை அழித்த அதே நான்காம் பதிப்புதான் இதைச் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். பதிப்பின் மேல் எனக்குக் கோபமில்லை.

டி அண்ட் டியில் ஓர்க் என்ற அரக்க இனத்தார் பிறப்பிலேயே கெட்டவர்கள் என்று இருந்ததை மாற்றினார்களே, அது சரியா?

சரி. தயக்கமே இல்லாமல் சரி.

பேசத் தெரிந்த, குடும்பம் நடத்துகிற, தெய்வம் கும்பிடுகிற ஓர் இனம் முழுவதும் பிறப்பாலேயே தீயது, அறிவு குறைந்தது என்று எழுதிவைத்ததை இந்தக் குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு யாராலும் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது. மேலாடை போட யாருக்கு உரிமை உண்டு என்பதைப் பிறப்பை வைத்துத் தீர்மானித்த ஊர் இது. தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டுப் போராடிய பிறகுதான் 1859-ல் திருவிதாங்கூர் அரசாணை வந்தது. அதற்கும் முன்பே சாமித்தோப்பில் வைகுண்டசாமி, தலைப்பாகை கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டே கும்பிடச் சொன்னார். அவருடைய பதியில் இன்றும் ஆண்கள் அப்படித்தான் கும்பிடுகிறார்கள். இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளை 'இந்த இனத்துக்குப் புத்தி மட்டு' என்ற வரியை விதிநூலில் வாசித்தால் அதற்கு அது கற்பனை வரியாகத் தெரியாது.

ரேவன்லாஃப்ட் உலகின் நாடோடிகளான விஸ்தானிகளின் விவகாரமும் இதைச் சேர்ந்ததே. 1983-ல் வந்த ரேவன்லாஃப்ட் சாகசத்திலிருந்தே அவர்கள் ஐரோப்பாவின் ரோமானி மக்களின் சாயலில் வந்தவர்கள். 2016-ல் வந்த கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் நூலிலும் அவர்களைக் குடிகாரர்களாகவும் ஏமாற்றுக்காரர்களாகவும் காட்டும் வரிகள் இருந்தன. 2020 மறுபதிப்பில் அவற்றைத் திருத்தினார்கள். அதே ஆண்டில், இப்படிப்பட்ட சித்தரிப்புகளை மாற்றப் போகிறோம் என்று விசார்ட்ஸ் பகிரங்கமாக அறிவித்தது. பொதுவில் சொல்லிச் செய்த திருத்தம் என்பதால் எனக்கு மரியாதை உண்டு.

2021 டிசம்பரில் செய்ததை மட்டும் என்னால் அப்படிப் பாராட்ட முடியாது. 2016-ல் வந்த வோலோஸ் கைடு என்ற நூலிலிருந்து அரக்க இனங்களைப் பற்றிய பல பத்திகளை நீக்கினார்கள். காசு கொடுத்து டிஜிட்டல் பிரதி வாங்கியவர்களின் பிரதியிலும் அந்தப் பத்திகள் மறைந்தன. நீக்கியதில் பலவற்றை நானே மேசையில் பயன்படுத்த மாட்டேன். இருந்தாலும் முன்பு என்ன எழுதியிருந்தோம் என்பது ஆவணமாக நிற்க வேண்டும். அடுத்த பதிப்பில் மாற்றி எழுது, ஏன் மாற்றினாய் என்று முன்னுரையில் சொல், பழையது பழையதாகவே இருக்கட்டும். ஓர் அநீதி நடந்ததற்கான தடயத்தை அழிப்பது அதைத் திருத்துவதாகாது.

உண்மையில் நடந்த துயரத்தை லோரில் சேர்க்கலாமா?

வேம்பயர்: தி மாஸ்கரேட் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2018-ல் வந்தது. அதற்கான கமரில்லா என்ற நூலில், செசன்யாவில் அப்போது நடந்துகொண்டிருந்த ஒருபாலீர்ப்பாளர் வேட்டையை வேம்பயர்கள் தங்களை மறைத்துக்கொள்ள ஆடும் நாடகம் என்று எழுதிவிட்டார்கள். கடும் எதிர்ப்பு வந்தது. மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கினார்கள். அதை வெளியிட்ட ஒயிட் உல்ஃப் நிறுவனம் தனித்து இயங்கும் நிலையையும் இழந்து, தாய் நிறுவனமான பாரடாக்ஸுக்குள் போனது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த அலையை ஏதோ ஒரு கடலரக்கனின் வேலை என்று ஒரு விளையாட்டுப் புத்தகம் எழுதினால் குளச்சலிலும் கீழமணக்குடியிலும் உறவைப் பறிகொடுத்தவர்கள் அதை எப்படி வாசிப்பார்கள்? அந்த நீக்கம் சரி.

பாத்ஃபைண்டரில் ட்ரௌ எங்கே போனார்கள்?

ட்ரௌ என்பது நிலத்தடியில் வாழும் ஒரு கற்பனை இனம். அவர்களைப் போகவைத்தது வக்கீல் வேலை. 2023 ஜனவரியில் டி அண்ட் டி விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த அனுமதித்த திறந்த உரிமத்தை மாற்ற விசார்ட்ஸ் முயன்றதாகத் தகவல் கசிந்து பெரிய கலவரமானது. பெய்சோ நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் விளையாட்டு அந்த உரிமத்தை நம்பித்தான் நின்றிருந்தது. இனி ஆபத்து வேண்டாம் என்று பெய்சோ நிறுவனம் அதே ஆண்டிலேயே ரீமாஸ்டர் நூல்களைக் கொண்டுவந்தது. டி அண்ட் டியின் சாயல் கொண்ட ட்ரௌ, நிறத்தால் பிரித்த டிராகன்கள், நல்லவர்-கெட்டவர் அலைன்மென்ட் எல்லாம் போயின. காரணத்தை மறைக்கவில்லை என்பதால் மன்னிக்கலாம். உங்கள் மேசையில் ட்ரௌ இருந்தால் இருந்துகொள்ளட்டும், எந்தக் கோர்ட்டும் வராது.

"இசக்கி கதையையே ஊருக்கு ஊர் வேற மாதிரிதான பாடுதாங்க. எடிஷன் மாறினா மட்டும் என்ன மக்கா?"

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. நம் ஊரில்தான் இப்படிக் கேட்பார்கள்.

நீலி கதையை எடுத்துக்கொள்வோம். கள்ளிமரத்தடியில் நகைக்காகக் கொல்லப்பட்ட பெண், மறுபிறப்பில் நீலியாக வருகிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொன்றவனைத் தன் புருஷன் என்று ஊரார் முன் வழக்காடிப் பழிதீர்க்கிறாள். வடக்கே இது திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் நடந்த கதை. நம் பக்கம் பாடும்போது பஞ்சவன்காடு வரும். முப்பந்தலில் இசக்கியாக அவள் நிலைகொள்வாள். மலையாளம் பேசுகிறவர்களிடம் கேட்டால் கள்ளியங்காட்டு நீலியை மந்திரவாதப் பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் வந்து அடக்கினார் என்பார்கள். ஒரே பெண்ணின் சினம் மூன்று இடங்களில் மூன்று விதமாக முடிகிறது.

கோயில் கொடைக்கு வில்லடிக்க வரும் புலவரும் அன்றைய நேரம் பார்த்து நீட்டுவார், சுருக்குவார், அந்த ஊரின் பெயரைப் பாட்டுக்குள் கொண்டுவருவார். அந்த உரிமையை யாரும் மறுப்பதில்லை. ஆனால் சாமியாடிக்கு அருள் வரும் கட்டம் நெருங்கினால் அந்தக் கோயிலுக்கு உரியதைத்தான் பாட வேண்டும். கூட்டத்தில் இருக்கும் வயதான அம்மைமார்களுக்கு வரி வரியாகத் தெரியும், விட்டுவிட மாட்டார்கள்.

ஆக, மாறுவது தப்பே இல்லை. யார் மாற்றுகிறார், மாற்றிய பிறகு பழையதற்கு என்ன ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பழையனூரிலிருந்து யாரும் முப்பந்தலுக்கு வந்து 'உங்கள் கதை இன்று முதல் ரத்து' என்று சொன்னதில்லை. மூன்று கதைகளும் பக்கத்துப் பக்கத்தில் உயிரோடு இருக்கின்றன. மாற்றம் பாடுகிற இடத்தில், கேட்கிற ஆட்களுக்கு முன்னால் நடக்கிறது. எடிஷன் மாற்றமோ ஓர் அலுவலகத்தில் முடிவாகி எல்லா மேசைக்கும் ஒரே நாளில் வருகிறது; பழையது செல்லாது என்ற அறிவிப்போடு வருகிறது. என் எதிர்ப்பு அந்த அறிவிப்புக்குத்தான். கர்ப்ஸ் டிராவலர் செய்ததைப் போல 'இது இன்னொரு கதை' என்று சொல்லிக்கொண்டு வந்தால், ஆயிரம் எடிஷன் வரட்டும்.

கெனான் என்று எதைச் சொல்கிறார்கள்? அதை யார் முடிவு செய்வது?

அதிகாரபூர்வமாகச் செல்லுபடியாகும் லோரைக் கெனான் என்பார்கள். டி அண்ட் டியின் ஐந்தாம் பதிப்புக்கு அந்தப் பதிப்பின் விளையாட்டு நூல்களில் இருப்பது மட்டுமே கெனான் என்று 2021-ல் அதன் விதி வடிவமைப்பாளர் ஜெரமி கிராஃபோர்ட் சொன்னார். முந்தைய நூல்களும் நாவல்களும் அந்தக் கணக்கில் வராது. நிறுவனத்துக்கு அது வசதி. எழுத்தாளர்கள் முப்பது ஆண்டுப் புத்தகங்களைச் சரிபார்க்க வேண்டியதில்லை.

குளோரந்தா உலகத்தை உருவாக்கிய கிரெக் ஸ்டாஃபர்ட் வேறு வழியில் போனார். 1966 முதல் அவர் வளர்த்த உலகம் அது, ரூன்குவெஸ்ட் விளையாட்டின் களம். தானே எழுதியதைப் பிறகு தானே மாற்றுவார். கூடவே அவரது வாசகர்களிடம் ஒரு வழக்கு நிலைத்தது: உங்கள் குளோரந்தா என்னுடையதிலிருந்து வேறுபடும். படைத்தவரே அனுமதி கொடுத்துவிட்டார். எந்த மாற்றமும் யாருடைய மேசையையும் கலைக்க முடியாது. முதல் பக்கத்தில் இந்த ஒரு வரி இருக்கும் செட்டிங்கை நான் நம்பி வாங்குவேன்.

நான் புதுசு. முப்பது வருஷ லோரைப் படிக்கணுமா?

வேண்டாம். உங்கள் கேரக்டர் பிறந்த ஊரைப் பற்றி அரைப்பக்கம் தெரிந்தால் போதும். மீதியை ஆட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம். லோர் தெரிந்த அண்ணன்மார்கள், அக்காமார்கள் மேசையில் இருந்தால், புதியவர் வாய் திறக்கும்போது 'அது அப்படி இல்லலே' என்று வெட்டாதீர்கள். புதியவர் சொன்னதை அந்த ஊரின் வதந்தியாக எடுத்துக்கொண்டு கதையை நகர்த்துங்கள்.

எங்கள் கேம்பெயின் (பல நாள் தொடரும் கதை ஆட்டம்) பாதியில் நிற்கிறது. 2024 விதிக்கு மாறினால் கதையையும் மாற்றணுமா?

மாற்ற வேண்டாம். விதியை மட்டும் மாற்றுங்கள். ஒரு சாகசம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் செய்யுங்கள், சண்டை நடுவில் செய்யாதீர்கள். கேரக்டர் தாளைப் புதிதாக எழுதும்போது பழைய தாளைக் கிழித்துவிடாமல் பின்னால் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். ஒரு சக்தி காணாமல் போனால், அந்தக் கேரக்டரை ஆடுகிறவர் அதை எத்தனை முறை ஆசையோடு பயன்படுத்தினார் என்று பாருங்கள். ஆசை இருந்தால் பழைய சக்தியையே விட்டுக்கொடுங்கள்.

கேம்பெயின் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: நம் கதை எந்த ஆண்டில் நிற்கிறது, எந்தப் புத்தகம் வரை நமக்குச் செல்லும். புது ஆள் சேர்ந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும். புத்தகத்தில் உங்கள் நகரம் எரிந்துபோய்விட்டது என்று யாராவது செய்தி கொண்டுவந்தால், உங்கள் ஆண்டில் அது இன்னும் எரியவில்லை.

நாங்களே உருவாக்கிய உலகத்தில் முப்பது ஆண்டு தாண்டி அடுத்த கதை தொடங்கலாமா?

தொடங்கலாம், எல்லாரும் ஒப்புக்கொண்டால். நம் பக்கம் வேணாட்டின் சாயலில் உலகம் செய்கிறவர்கள் அதிகம். பத்மநாபபுரம் மாதிரி ஓர் அரண்மனை, உதயகிரி மாதிரி ஒரு கோட்டை, குளச்சல் மாதிரி ஒரு துறை. மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. தாவுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: முதல் கதையிலிருந்து எது கைபடாமல் இருக்க வேண்டும்? ஒருவருக்கு அது ஓர் ஆலமரமாக இருக்கும், இன்னொருவருக்கு தங்கச்சி கேரக்டரின் கல்யாணமாக இருக்கும். அவற்றைக் காப்பாற்றிவிட்டு மற்றதை மாற்றுங்கள்.

புதிய நிலைமை வேண்டுமானால் உலகத்தை எரிக்கத் தேவையில்லை, ஒரு தோல்வி போதும். 1741-ல் குளச்சல் போரில் டச்சுப்படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்ட டச்சு அதிகாரி டி லன்னாய், தன்னைத் தோற்கடித்த அரசனின் படைக்கே பயிற்சி கொடுத்துத் தளபதியாக உயர்ந்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. ஓர் ஆள் கட்சி மாறியதில் ஒரு நாட்டின் படையே வேறாகிவிட்டது, ஊர்கள் அதே இடத்தில்தான் இருந்தன. உங்கள் முதல் கதையில் பிடிபட்டு உயிர்தப்பிய எதிரி யாராவது இருந்தால், முப்பது ஆண்டில் அவர் என்னவாகியிருப்பார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

எந்த எடிஷன் புத்தகம் வாங்கலாம்?

விதிக்குக் காசு செலவழிக்கும் முன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். 2023 ஜனவரியில் அந்த உரிமக் கலவரம் அடங்கும்போது, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். 2025-ல் புதிய விதிகளுக்கும் அதே வகைத் தொகுப்பு வந்தது. இரண்டையும் இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். அவற்றில் செட்டிங் இருக்காது, விதி மட்டும்தான். மிச்சமாகும் காசில் உங்களுக்குப் பிடித்த உலகத்தின் பழைய செட்டிங் நூலை பிடிஎஃப் ஆக வாங்குங்கள். 1987 ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் பெட்டித் தொகுப்பு உட்பட பெரும்பாலானவை இப்போது முறையான விற்பனையில் இருக்கின்றன. வாங்கியதும் இரண்டு இடத்தில் சேமித்து, ஒரு பிரதியைச் செட்டின் பென்டிரைவில் போட்டுவையுங்கள்.